வளைவில் பிடிக்கும் வண்டி

புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவர், வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டாவது லிவரை ஒருமுறையாவது ‘ஃபோர் ஹை’க்குத் தள்ளிப் பார்க்காமல் இருக்கமாட்டார். தள்ளிவிட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் தெருமுனையில் திருப்புவார். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி தயங்கும். டயர் கீச்சிடும். அடியில் எங்கோ ‘டங்’ என்று ஓர் அடி விழும். பயந்துபோய் லிவரைப் பழைய இடத்துக்கு இழுத்தால் அதுவும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பல லட்சம் கொட்டி வாங்கிய வண்டியின் கியர்பாக்ஸ் முதல் வாரமே போய்விட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு போன் பறக்கும்.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வடிவியல் தன் வேலையைச் செய்திருக்கிறது.

வளைவில் ஒரு வண்டியின் நாலு சக்கரங்களும் நாலு வெவ்வேறு வட்டங்களில் ஓடுகின்றன. மூன்று கதவு மஹிந்திரா தாரை எடுத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைத்தூரம் 2,450 மில்லிமீட்டர். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே சுமார் ஒன்றரை மீட்டர். பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டு, பள்ளியில் படித்த பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். பின் உள்சக்கரம் 4.25 மீட்டர் ஆரத்தில் ஓடும். முன் உள்சக்கரம் 4.9 மீட்டரில், பின் வெளிச்சக்கரம் 5.75 மீட்டரில், முன் வெளிச்சக்கரம் 6.25 மீட்டரில். பின் ஜோடியின் சராசரி 5 மீட்டர், முன் ஜோடியின் சராசரி 5.58 மீட்டர். அதாவது பின்சக்கரங்களைவிட முன்சக்கரங்கள் பதினொன்றரை சதவீதம் கூடுதலாக ஓடியாக வேண்டும். கால்வட்டம் திரும்பி முடிப்பதற்குள் இந்த வித்தியாசம் 90 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும்.

அந்த வண்டியின் 255/65, 18 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.48 மீட்டர் ஓடும். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் ஆக்சில் ஒரு சுற்று சுற்றும் என்ற கிரவுன் பினியன் விகிதத்தைத் தோராயமாக நாலுக்கு ஒன்று என்று வைத்தால், ஒரே ஒரு தெருமுனையைத் திரும்புவதற்குள் முன் பிராப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஷாஃப்டைவிட ஒன்றரைச் சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். இடைத்தூரம் நீள நீள இது கூடும். 2,850 மில்லிமீட்டர் கொண்ட ஐந்து கதவு தார் ராக்ஸை அதே வட்டத்தில் திருப்ப முடிந்தால் வித்தியாசம் பதினைந்து சதவீதம். மாறாக, 100 மீட்டர் ஆரமுள்ள பெரிய வளைவில் தாருக்கு இது வெறும் 0.03 சதவீதம். நெடுஞ்சாலையில் தெரியாத கோளாறு பார்க்கிங்கிலும் யூ-டர்னிலும் மட்டும் தலைகாட்டுவதன் காரணம் இதுதான்.

இடது, வலது சக்கரங்களின் வேறுபாட்டுக்கு 1820-களின் இறுதியிலேயே விடை கிடைத்துவிட்டது. இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலை நீராவி வண்டிக்காக வடிவமைத்துக் காப்புரிமை வாங்கியவர் ஒனெசிஃபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி. இன்றைக்கும் ஒவ்வொரு ஆக்சிலின் நடுவிலும் அதே தத்துவம்தான் சுழல்கிறது. ஆனால் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே? 1941-ல் ராணுவத்துக்காக உற்பத்திக்கு வந்த வில்லிஸ் ஜீப்பில் அங்கே டிஃபரன்ஷியல் கிடையாது. லிவரைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு ஷாஃப்டுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும், அவ்வளவுதான். தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி எல்லாம் இந்த வம்சம். பகுதி நேர ஃபோர் வீல் டிரைவ் என்பது இதுதான்.

பூட்டப்பட்ட ஷாஃப்டுகளுக்கு அந்த ஒன்றரைச் சுற்றைக் கொடுக்க வழியில்லை. எனவே ஆக்சில் தண்டுகளும் ஷாஃப்டுகளும் முறுக்கேறுகின்றன. எஃகும் ஓரளவு முறுகும், அந்த அளவுக்கு ஆற்றலைச் சேர்த்து வைக்கும். எல்லை தாண்டியதும் ஏதாவது ஒரு டயர் பிடி விட்டுத் துள்ளி, சேர்ந்த முறுக்கை ஒரே மூச்சில் இறக்கிவைக்கும். அந்த ‘டங்’ அதுதான். மண்ணிலும் சேற்றிலும் டயர் ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே இருப்பதால் முறுக்கு சேர்வதே இல்லை. திருவாரூர் ஆழித்தேரை வீதி முனையில் திருப்பும்போது சக்கரத்தின் கீழ் மசகு தடவிய இரும்புத் தகடுகளைப் போடுவார்களே, காரணம் ஏறக்குறைய இதுவே: இயந்திரம் திரும்ப இடம் தராதபோது தரைதான் வழுக்கி இடம் தர வேண்டும். தேர்ச்சக்கரம் பக்கவாட்டில் வழுக்குகிறது, ஜீப்பின் சக்கரம் ஓடும் திசையிலேயே வழுக்குகிறது என்பது மட்டும் வித்தியாசம்.

ஆகவே ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கியை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. லிவர் எங்கே இருந்தது? தரை எப்படி இருந்தது? காய்ந்த தார் ரோட்டிலோ சிமென்ட் தளத்திலோ ஃபோர் ஹை போட்டுத் திருப்பினால் பிடித்தது என்றால், அதில் பழுது பார்க்க ஒன்றுமே இல்லை. அதே வண்டியை மண் மைதானத்துக்குக் கொண்டுபோய் அதே லிவரில் எட்டுப் போட்டுப் பாருங்கள். பிடிப்பு மறைந்தால் வழக்கு முடிந்தது. கரடுமுரடான கொழுக்குமலைப் பாதையில் ஃபோர் வீலில் ஏறி இறங்கும் ஜீப்பும், சூரியநெல்லியில் தார் ரோட்டைத் தொட்டதும் டூ வீலுக்கு வந்துவிட வேண்டும்.

லிவர் வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே பூட்டும் வளையத்தின் பற்கள் முறுக்கின் அழுத்தத்தில் சிக்கியிருக்கின்றன. இழுக்க இழுக்கக் கெடுவது ஷிஃப்ட் ஃபோர்க்தான். ஸ்டீயரிங்கை நேராக்கிச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். முறுக்கு தளர்ந்ததும் லிவர் ஒரு விரலுக்கு வரும். இன்னொரு எச்சரிக்கை: முறுக்கேறிய நிலையிலேயே வண்டியை ஜாக்கியில் தூக்கினால், தரையை விட்ட சக்கரம் சட்டென்று சுழலும். பக்கத்தில் கை வைத்திருப்பவருக்கு ஆபத்து, வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கவும் கூடும்.

டூ வீலில், காய்ந்த தார் ரோட்டில், அதே பிடிப்பு இருந்தால்தான் உண்மையான விசாரணை தொடங்குகிறது. லிவர் டூ வீலில் நிற்கிறது, டாஷ்போர்டு விளக்கும் அணைந்துவிட்டது. ஆனாலும் உள்ளே பூட்டு விலகாமல் இருக்கலாம். விளக்கு சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை. பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்சுதான் அந்த விளக்கை இயக்குகிறது, அது அழுக்கேறினால் பொய் சொல்லும். சோதனை எளிது. சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். லிவர் டூ வீலில் இருக்கட்டும். முன் பிராப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றி, தூக்கிய சக்கரமும் கூடவே சுழன்றால் பூட்டு விலகியிருக்கிறது. அசையவே இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது: ஃபோர்க்கோ, அதைத் தள்ளும் மோட்டாரோ, லிவரிலிருந்து போகும் இணைப்போ சிக்கியிருக்கும்.

எப்போதும் நாலு சக்கரத்திலும் ஓடும் வண்டிகளின் கதை வேறு. 1966-ல் வந்த ஜென்சன் எஃப்.எஃப். காரும், 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரும் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியலை வைத்தன. வேறுபாட்டைப் பற்சக்கரங்களே விழுங்கிக்கொள்வதால் தார் ரோட்டில் ஓயாமல் ஓடலாம். இந்த வண்டிகள் வளைவில் பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது, நடு டிஃபரன்ஷியலின் லாக் விலகியிருக்கிறதா என்பதைத்தான்.

இன்றைய மென்மையான எஸ்.யூ.வி.க்கள் பலவற்றில் அந்த நடு டிஃபரன்ஷியலும் இல்லை. முன்சக்கரங்களில் ஓடும் வண்டிக்குத் தேவைப்படும்போது மட்டும் பின்சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு கிளட்ச் கட்டு இருக்கும். வேறுபாட்டை இங்கே விழுங்குவது எண்ணெயில் மூழ்கி வழுக்கும் தட்டுகள். எனவே எண்ணெய் கெட்டால் வளைவு கத்தும். இதற்கு நல்ல உதாரணம், இலங்கைச் சாலைகளில் இன்றும் கண்ணில் படும் பழைய ஹோண்டா சி.ஆர்.வி. அதன் பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு பம்புகள். ஒன்று பிராப்பெல்லர் ஷாஃப்டோடு, அதாவது முன்சக்கர வேகத்தில் சுற்றும். மற்றது பின்சக்கரங்களோடு சுற்றும். இரண்டும் ஒரே வேகமென்றால் ஒன்று தள்ளும் எண்ணெயை மற்றது உறிஞ்சிக்கொள்ளும். முன்சக்கரம் வழுக்கி வேகமெடுத்தால் எண்ணெய் மிஞ்சி அழுத்தமாகி, கிளட்ச் தட்டுகளை இறுக்கும். கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாத அழகான ஏற்பாடு. ஆனால் முன்சக்கரம் வழுக்குவதற்கும் வளைவில் இயல்பாகவே முந்துவதற்கும் வேறுபாடு அந்தப் பம்புகளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பார்க்கிங் திருப்பத்திலும் தட்டுகள் லேசாக உரசும். எண்ணெய் புதிதாக இருக்கும்வரை அந்த உரசல் சத்தமில்லாமல் நடந்துவிடும். பழசானால் முழு ஒடிப்பில் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் மாடு உறுமுவதுபோல் ஒரு நடுக்கம்.

அந்த உறுமலின் இயற்பியல் இரண்டு வகை உராய்வில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் தட்டை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகரும் தட்டை நகர்ந்துகொண்டே இருக்கச் செய்யும் விசையைவிட அதிகமானால், தட்டு ஒட்டும், விடும், ஒட்டும், விடும். நொடிக்குப் பல முறை நடக்கும் இந்த ஒட்டல் விலகல்தான் காதில் உறுமலாக விழுகிறது. எண்ணெயில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகள் நிலை உராய்வைக் குறைத்துத் தட்டை வழுவழுவென்று நகர வைக்கும். சூட்டிலும் காலத்திலும் அவை தேய்ந்துபோகின்றன. ஹோண்டா இதற்கென்றே ‘டூயல் பம்ப் ஃப்ளூயிட்’ என்று தனி எண்ணெய் விற்கிறது; ஒரு லிட்டர் சொச்சம் போதும். அதற்குப் பதில் கடையில் கிடைத்த சாதாரணக் கியர் ஆயிலை ஊற்றினால் சத்தம் கூடும். டிஃபரன்ஷியலையே மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில், முதலில் எண்ணெயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தட்டு வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டிகளுக்கும் இதே வைத்தியம்தான். புது எண்ணெய் ஊற்றியபின், லைசென்ஸுக்குப் போடுவதுபோல மெதுவாகப் பத்துப் பதினைந்து எட்டுப் போட்டால் எண்ணெய் தட்டுகளுக்கு இடையே ஊறிவிடும்.

விஸ்கஸ் கப்ளிங் என்ற இன்னொரு வகையில் சிலிகோன் திரவம் நிறைந்த டப்பாவுக்குள் தட்டுகள் சுழலும். அது உள்ளே இறுகிப்போனால் நடு இணைப்பு நிரந்தரமாகப் பூட்டியதுபோல் ஆகிவிடும். முழு ஒடிப்பில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பிரேக் போட்டதுபோல் வண்டி நின்றால் அதைச் சந்தேகிக்கலாம். மூடிய டப்பா, உள்ளே பழுது பார்க்க வழியில்லை. மாற்றத்தான் வேண்டும். பழைய ஆட்டோமேட்டிக் சுபாரு கார்களில் இருப்பது கிளட்ச் கட்டு. பிடிப்பு அதிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க ஒரு வசதி உண்டு. எஞ்சின் அறையில் காலியாக இருக்கும் ஒரு இடத்தில் ஃபியூஸைச் செருகினால் பின்சக்கரங்களுக்குப் போகும் கிளட்ச் விலகி, கார் முன்சக்கரத்தில் மட்டும் ஓடும். அப்போது பிடிப்பு போய்விட்டால் விலகும் ஏற்பாடு வேலை செய்கிறது என்று அர்த்தம். போகவில்லையென்றால் கிளட்ச் கட்டிலோ அதன் வால்விலோ சிக்கல்.

இதுவரை பேசியது பிடிப்பைப் பற்றி. வளைவில் மட்டும் கேட்டாலும் இந்தக் கணக்கோடு தொடர்பே இல்லாத சத்தங்களும் உண்டு. ஒர்க்‌ஷாப்புகளில் இரண்டையும் குழப்பிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப்போடுவது நடக்கிறது.

முதலாவது சி.வி. ஜாயின்ட். திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இந்த ஜாயின்ட்டை இன்று நாம் காணும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபோர்டில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் ரெப்பா. 1920-களில் அவர் பெற்ற காப்புரிமையின் தொடர்ச்சிதான் இன்றைய கார்களில் ஓடுகிறது. கிண்ணம் போன்ற கூட்டுக்குள் ஆறு குண்டுகள், ஆறு பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். நேராகப் போகும்போது குண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால் அந்த இடம் மட்டும் தேய்ந்து குழி விழும். ஸ்டீயரிங்கை ஒடித்ததும் குண்டுகள் பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓட ஆரம்பிக்கும். குழியின் விளிம்பைத் தாண்டும்போதெல்லாம் ‘டிக்’. வேகம் கூடினால் டிக் டிக் நெருங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் உரக்கும், காலை எடுத்தால் அடங்கும். பெரும்பாலும் வளைவின் வெளிப்பக்கச் சக்கரம்தான் குற்றவாளி: இடப்பக்கம் திரும்பும்போது கேட்டால் வலது ஜாயின்ட்டைப் பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் சிதறியிருந்தால் ரப்பர் பூட் கிழிந்து மண் உள்ளே போயிருக்கிறது. ஒரு ரப்பர் பூட்டின் விலையில் முடிந்திருக்க வேண்டிய செலவு, கவனிக்காமல் விட்டால் முழு ஜாயின்ட்டாக வளரும்.

முன்சக்கரத்தை ஆக்சில் தண்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீலிங் ஹப் உள்ள பழைய ஜீப், ஜிப்ஸிகளில் ஹப்பை விடுவித்துவிட்டு டூ வீலில் ஓட்டினால் ஜாயின்ட் சுழலாது, சத்தமும் நின்றுவிடும். இதைவிடச் சுலபமான பரிசோதனை கிடையாது. ஹப்பே பாதி பூட்டி, பாதி விட்டு நின்றாலும் ‘கடகட’ என்று பல் தாண்டும் ஓசை வரும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சி.வி. ஜாயின்ட்டுக்குப் பதில் முன்சக்கரத்தில் சாதாரண கிராஸ் ஜாயின்ட் வைத்த வண்டிகளும் உண்டு. ஜீப் ராங்ளர் அப்படிப்பட்டது. கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது வேகம் சீராக இருக்காது. 30 டிகிரி ஒடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சக்கரம் 13 சதவீதம் மெதுவாகவும் 15 சதவீதம் வேகமாகவும் சுற்ற முயலும். ஃபோர் வீலில் முழு ஒடிப்பில் ஸ்டீயரிங் துடிப்பது அதனால்தான். எல்லாம் புதிதாக இருந்தாலும் அது துடிக்கும்.

வீல் பேரிங்கைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் முனகல் சாலை வேகத்தைப் பொறுத்தது, எஞ்சினைப் பொறுத்ததல்ல. நியூட்ரலில் உருளவிட்டாலும் தொடரும். வலப்பக்கம் லேசாக வளையும்போது முனகல் ஏறினால் எடை ஏறும் இடது பேரிங் தேய்ந்திருக்கிறது. முழு ஒடிப்பில் ‘சர்ர்’ என்று தேய்ந்தால் டயர் எதிலாவது உரசுகிறது. பெரிய டயர் மாட்டிய வண்டிகளில் இது சகஜம். உரசிய இடம் பளபளப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய ஜீப்புகளை வாங்கிப் புதுப்பிப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். கையில் கிடைத்த ஆக்சிலைப் போட்டு ஓட்டிய வண்டிகளில் முன் கிரவுன் பினியன் ஒரு விகிதமும் பின்னது வேறு விகிதமுமாக இருக்கும். பழைய ஜீப்புகளில் 5.38-ம் உண்டு, 4.88-ம் உண்டு. இரண்டையும் கலந்து மாட்டினால் நேர்ச் சாலையிலேயே பத்து சதவீத வேறுபாடு. ஃபோர் வீல் போட்ட மறுநிமிடம் வண்டி திணறும். ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையில் விட்டு, மறுபக்கத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பிராப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு அது எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் அதுதான் விகிதம். முன்னும் பின்னும் ஒரே எண் வர வேண்டும். எந்த மீட்டரும் தேவையில்லை.

இதே கோளாறை நாமே நம் வண்டிக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வதும் உண்டு, டயர் கடையில். புது டயரில் 8 மில்லிமீட்டர் தடம், தேய்ந்த டயரில் 3 மில்லிமீட்டர் என்றால் விட்டத்தில் 10 மில்லிமீட்டர் குறைவு. தார் அளவுள்ள டயருக்கு அது ஒன்றேகால் சதவீதம். ரேடியல் டயரின் எஃகுப் பட்டையால் உண்மையான வேறுபாடு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும் கணக்குப்படி, முன்னே ஒரு ஜோடியும் பின்னே ஒரு ஜோடியுமாக இப்படி மாட்டிய வண்டி நேர்ச் சாலையில் போகும்போதே, 15 மீட்டர் ஆர வளைவில் இடைவிடாமல் திரும்பிக்கொண்டிருப்பதற்கு இணையான முறுக்கைத் தாங்க வேண்டியிருக்கும். சுபாரு நிறுவனம் நாலு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. தடத்தின் ஆழத்தில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர். காற்றழுத்தமும் இதில் சேர்த்தி. கோளாறு என்று வண்டியைத் தூக்குவதற்கு முன் நாலு டயரிலும் காற்றை அளந்து, தடத்தின் ஆழத்தையும் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் சுழற்சியில் மாற்றிக்கொண்டே வந்தால், பஞ்சராகும் நாளில் புத்தம்புது டயர் ஒன்று மற்ற மூன்றோடு சண்டை போடாது. செலவை எண்ணி இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள், பகுதி நேர ஃபோர் வீல் வண்டியென்றால், சேறோ மணலோ வரும்வரை அந்த லிவரைத் தொடாமல் இருந்தால் போதும். எப்போதும் நாலு சக்கரத்தில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றுவதைவிட அது எவ்வளவோ மலிவு.